கல்பாக்கம் பம்ப் ஹவுஸுக்குள்ள புகுந்த கடல்: 2004 டிசம்பர் 26, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்

சுனாமி வந்த அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நாங்க இருந்தது செங்கல்பட்டு பக்கம், கடல்ல இருந்து தள்ளித்தான், ஆனா மத்தியானத்துக்குள்ள ஊர் பூரா ஒரே பேச்சு, கல்பாக்கம் வெடிச்சிருச்சாம், காத்து இந்தப் பக்கம் அடிக்குதாம், வீட்டை விட்டு வெளிய வராதீங்கன்னு ஆளாளுக்கு சொல்லிட்டு இருந்தாங்க. போன் லைன் கிடைக்கல. டவுன்ஷிப்ல சொந்தக்காரங்க இருக்கறவங்க அழுதுட்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினதை இன்னும் மறக்கல.

ரியாக்டர் வெடிக்கல, கதிர்வீச்சு எதுவும் வெளிய வரல. அது அப்பவே அறிவிச்சதுதான், உண்மையும் அதான். ஆனா "ஆலைக்கு ஒண்ணுமே ஆகல"ன்னு ஒரு வரியில முடிச்சாங்க பாருங்க, அதை என்னால ஏத்துக்க முடியல, ஏன்னா ஆச்சு. கடல் தண்ணி பம்ப் ஹவுஸுக்குள்ள ஏறி வந்துச்சு, ஓடிட்டிருந்த ரியாக்டரை நிறுத்த வேண்டியதாச்சு. உலகத்துல ஒரு அணுமின் நிலையத்தை சுனாமி தொட்டு, அதனால ரியாக்டரை நிறுத்தினதுன்னு பேச ஆரம்பிச்சா கல்பாக்கம் பேரைத்தான் முதல்ல சொல்றாங்க. அந்தப் பம்ப் ஹவுஸ் சங்கதி இங்க இருந்து ஜப்பான் வரைக்கும் போய், அங்க ஒரு மீட்டிங் மேஜை மேல வந்து, அப்படியே கிடப்புல போட்டதுக்கு என்ன ஆச்சுன்னு 2011ல ஃபுகுஷிமாவுல உலகமே பார்த்துச்சு. இதை முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

மேப்ஸ் வந்த கதை

சென்னை அணுமின் நிலையம், அங்க இருக்கறவங்க பேச்சுல மேப்ஸ். தாராப்பூர் அமெரிக்காக்காரன் கட்டிக் கொடுத்தது, ராஜஸ்தான் கனடா டிசைன். கல்பாக்கம்தான் நம்ம ஆளுங்களே முழுசா நின்னு கட்டின முதல் நிலையம், அடிப்படை டிசைன் கனடா வழி வந்ததா இருந்தாலும். முதல் யூனிட் வேலை 1971ல ஆரம்பிச்சுது. 1974ல பொக்ரான்ல குண்டு வெடிச்சதும் கனடா கையை உதறிட்டு போயிடுச்சு, அதுக்கப்புறம் கனநீர் (கனமான வகை ஹைட்ரஜன் இருக்கற தண்ணி) கிடைக்கறதே பெரிய பாடு. இந்த வகை ரியாக்டருக்கு செறிவூட்டாத இயற்கை யுரேனியமே போதும், ஆனா டன் கணக்குல கனநீர் வேணும். நம்ம தூத்துக்குடியில இருந்த கனநீர் ஆலையெல்லாம் அந்தப் பசிக்காகத்தான் வந்தது. இழுத்து இழுத்து 1983 ஜூலை 2ஆம் தேதி முதல் யூனிட் கிரிட்டிகல் ஆச்சு, அதாவது உள்ள அணுப்பிளவு தானா தொடர்ந்து நடக்க ஆரம்பிச்சுது, அதே மாசம் 23ஆம் தேதி இந்திரா காந்தி வந்து நாட்டுக்கு அர்ப்பணிச்சாங்க. ரெண்டாவது யூனிட் 1985 ஆகஸ்ட்.

ஓட ஆரம்பிச்சும் நிம்மதி இல்ல. 1988-89ல ரெண்டு யூனிட்லயும் ரியாக்டர் பாத்திரத்துக்குள்ள, கனநீர் உள்ள வர்ற இடத்துல இருக்கற சிர்க்கலாய் மேனிஃபோல்டு (சிர்க்கோனியம் கலவையில செஞ்ச, தண்ணியைப் பிரிச்சு விடற பாகம்) உடைஞ்சு போச்சு. உள்ள கை வைக்க முடியாத இடம். தண்ணி போற வழியை மாத்தி விட்டு, 235 மெகாவாட்டுக்குக் கட்டின யூனிட்டை 170லயே வருஷக்கணக்கா ஓட்டினாங்க. 1999 மார்ச்ல ரெண்டாவது யூனிட்ல சேனல் (எரிபொருள் இருக்கற குழாய்) பரிசோதனை நடக்கும்போது கனநீர் கசிஞ்சு, சுத்தம் பண்ணின ஆளுங்களுக்கு கதிர்வீச்சு டோஸ் ஏறினதும் நடந்தது, எவ்வளவு கசிஞ்சுதுங்கறதுல அன்னிக்கே சண்டை. அப்புறம் ஒவ்வொரு யூனிட்டா நிறுத்தி 306 சேனலையும் மொத்தமா மாத்தற பெரிய வேலையை எடுத்தாங்க, ரெண்டாவது யூனிட் முதல்ல, 2002ல ஆரம்பிச்சு 2003 நடுவுல முடிஞ்சு 220 மெகாவாட்டுக்கு திரும்பிச்சு. அதை முடிச்ச கையோட 2003 ஆகஸ்ட்ல முதல் யூனிட்டை நிறுத்தினாங்க.

இந்த தேதியை ஞாபகம் வச்சுக்கோங்க. சுனாமி வந்த அன்னிக்கு முதல் யூனிட்ல எரிபொருளே இல்ல, முழுசா இறக்கி வச்சிருந்தாங்க. அன்னிக்கு கண்ட்ரோல் ரூம்ல ரெண்டுக்கு பதிலா ஒரு ரியாக்டரை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்னு இருந்தது திட்டம் போட்டு வந்ததில்ல.

கடல் எதுக்கு, எப்படி வருது

அணு உலைன்னாலும் கடைசியில நீராவி அடுப்புதான். ரியாக்டர்ல இருந்து சூட்டை கனநீர் எடுத்துட்டு வந்து பாய்லர்ல சாதா தண்ணிக்கு கொடுக்கும், அது ஆவியாகி டர்பைனை சுத்தும், சுத்தி முடிச்ச ஆவியை மறுபடி தண்ணியாக்க கண்டென்சர்ல குளிர்ந்த தண்ணி ஓடணும். அந்தத் தண்ணிதான் கடல். ஒரு யூனிட்ல உண்டாகற வெப்பம் சுமார் 800 மெகாவாட், கரண்ட்டா வர்றது 220, மிச்சம் எல்லாம் கடலுக்குத்தான் போகுது. கடலோரத்துல கட்டறதுக்கு காரணமே இதான், ரெண்டு யூனிட்டும் சேர்ந்து ஓடினா செகண்டுக்கு 35 கன மீட்டர் தண்ணி வேணும், நம்ம பாலாறுல அத்தனை தண்ணிக்கு வருஷம் பூரா எங்க போறது.

கல்பாக்கத்துல அந்தத் தண்ணி எடுக்கற முறை கொஞ்சம் விசேஷம். கரையில வாய்க்கால் வெட்டினா மணல் அடைச்சுக்கும், அந்தக் கடற்கரையில மணல் நகர்ந்துட்டே இருக்கும். அதனால கரையில இருந்து 468 மீட்டர் உள்ள கடல்ல ஒரு கிணறு மாதிரி கட்டி, அங்க இருந்து செங்குத்தா கீழ இறங்கி, கடலுக்கு அடியில பாறையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா கரைக்கு வந்து, பம்ப் ஹவுஸ்ல மேல ஏறுது. கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கற அந்த ஜெட்டியை தூரத்துல இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும்.

இந்த சுரங்கத்தோட நடந்த போராட்டமே தனியா எழுதலாம். பச்சை சிப்பியும் கொட்டலசும் உள்ள சுவர்ல ஒட்டி வளர்ந்து தண்ணி போற வழியைக் குறைக்கும், அதுக்கு குளோரின் விடணும், எவ்வளவு விட்டா சிப்பி ஒட்டாது, எவ்வளவுக்கு மேல போனா வெளிய போற தண்ணியில மீனுக்கு கெடுதல்னு கல்பாக்கம் விஞ்ஞானிகள் வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சில சீசன்ல சொறி மீன் கூட்டம் கூட்டமா வந்து ஸ்கிரீன்ல அப்பிக்கும், பம்ப்புக்கு தண்ணி குறையும். கடல்கிட்ட தண்ணி வாங்கினா கடல்ல இருக்கறதெல்லாம் கூட வரும்.

இப்ப முக்கியமான சங்கதி. கடலும் பம்ப் ஹவுஸும் ஒரே குழாயோட ரெண்டு முனை. பள்ளிக்கூடத்துல ரெண்டு கிளாஸை டியூப்ல இணைச்சு ஒண்ணுல தண்ணி ஏத்தினா இன்னொண்ணுலயும் ஏறும்னு காட்டுவாங்களே, அதேதான். கடல் மட்டம் ஏறினா பம்ப் ஹவுஸ்லயும் ஏறும். வெளிய எத்தனை உசரத்துக்கு சுவர் கட்டினாலும் இந்த வழி திறந்துதான் இருக்கும், மூடினா ஆலையே ஓடாது.

அந்தக் காலை

இந்திய நேரம் 6:28க்கு சுமத்ரா பக்கம் பூமி ஆடுச்சு, 9.1. சென்னையில கட்டில் ஆடினதை பல பேர் உணர்ந்தாங்க. அலை நம்ம கரைக்கு வர ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு, ஆனா சொல்றதுக்கு ஆள் இல்ல. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை மையமே அப்ப கிடையாது, ஹைதராபாத்ல அது வந்தது 2007ல. அந்த ரெண்டரை மணி நேரத்தை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.

ரெண்டாவது யூனிட் ஓடிட்டு இருந்துச்சு. ஒம்போது மணி சுமாருக்கு அலை வந்தப்ப சுரங்கம் வழியா தண்ணி பம்ப் ஹவுஸ்ல ஏறி, கண்டென்சருக்கு தண்ணி தள்ளற பம்ப்புகள் நின்னு போச்சு. கண்டென்சர் குளிரலைன்னா டர்பைனை ஓட்ட முடியாது. ஆபரேட்டருங்க டர்பைனை ட்ரிப் பண்ணி, ரியாக்டரை பத்திரமா நிறுத்தி, குளிர்விக்கற வேலையில இறங்கினாங்க.

இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். ரியாக்டரை நிறுத்தறது பல்பை அணைக்கற மாதிரி இல்ல, விறகடுப்பை அணைக்கற மாதிரி, தணல் இருக்கும். நிறுத்தின அடுத்த நொடியில முழு வெப்பத்துல 6-7 சதவீதம் இன்னும் வந்துட்டே இருக்கும், 800க்கு கணக்குப் போட்டா அதுவே 50 மெகாவாட் கிட்ட. ஒரு மணி நேரத்துல ஒண்ணரை சதவீதம் அளவுக்கு இறங்கும், அப்புறம் நாள் கணக்கா மெதுவா தணியும். அதுவரைக்கும் தண்ணியும் ஓடணும், அந்தத் தண்ணியை ஓட்ட கரண்ட்டும் இருக்கணும். கல்பாக்கத்துல அன்னிக்கு கரண்ட் போகல. முக்கிய கட்டடம் எதுக்குள்ளயும் தண்ணி நுழையல, ஏன்னா அதெல்லாம் மேடான தரையில இருந்துச்சு. டிசைன் பண்ணினப்ப சுனாமியை யாரும் கணக்குல எடுக்கல, வங்கக்கடல் புயல்ல கடல் எவ்வளவு பொங்கும்னுதான் பார்த்தாங்க. புயலுக்குப் போட்ட உசரம் சுனாமிக்கும் போதுமா இருந்துச்சு. அடுத்த முறையும் போதும்னு இதை வச்சு யாரும் சொல்லிட முடியாது. அவசரநிலை எச்சரிக்கை அறிவிச்சு, எல்லாம் பரிசோதிச்சு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதி கொடுத்து 2005 ஜனவரி 2ஆம் தேதி யூனிட்டை மறுபடி கிளப்பினாங்க.

ஆலை தப்பிச்சுது, அதை நடத்தற ஜனங்க தப்பிக்கல. கடலை ஒட்டியே கட்டின டவுன்ஷிப்புக்குள்ள, வீடுகளுக்குள்ள அலை புகுந்துச்சு. வேலை பார்க்கறவங்க, பொண்டாட்டி பிள்ளைங்க, நிறைய பேர் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலை, கடற்கரைக்கு வாக்கிங் போன நேரம், சர்ச்சுக்கு போன நேரம். சுத்தி இருக்கற மீனவக் குப்பங்கள் பட்ட பாடு அதைவிடப் பெரிசு. பிளான்ட் உள்ள ஷிஃப்ட்ல இருந்தவங்களுக்கு வீட்ல என்ன ஆச்சுன்னே தெரியாம ரியாக்டரைப் பார்த்துட்டு இருக்க வேண்டியிருந்துச்சு. இந்த ஒரு விஷயம் எந்த டெக்னிகல் ரிப்போர்ட்லயும் போதுமான அளவு வரலைன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ரியாக்டருக்கு பாதுகாப்பு உசரம் கணக்குப் போட்ட அதே நாடு, அதை ஓட்டற ஆளோட பிள்ளை தூங்கற வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போடல.

பக்கத்துலயே வேக ஈனுலைக்கு (எரிக்கறதைவிட அதிகமா எரிபொருளை உண்டாக்கற வகை ரியாக்டர்) பள்ளம் தோண்டியிருந்தாங்க. அக்டோபர் 23ஆம் தேதிதான் பிரதமர் மன்மோகன் சிங் வந்து வேலையைத் தொடங்கி வச்சிருந்தார், ரெண்டே மாசம். பள்ளம் முழுக்க கடல் தண்ணி.

கல்பாக்கத்துல இருந்து ஃபுகுஷிமாவுக்கு

2005 ஆகஸ்ட் கடைசியில சர்வதேச அணுசக்தி முகமை, வெள்ள அபாயம் பத்தி ஒரு பயிலரங்கை கல்பாக்கத்துலயே வச்சாங்க. வெள்ளம் அணு உலைக்குள்ள போனது இது முதல் தடவையும் இல்ல, அஞ்சு வருஷம் முன்னாடி 1999 டிசம்பர் 27 ராத்திரி பிரான்ஸ்ல பிளாயே நிலையத்துல புயல் அடிச்சு தண்ணி கரை தாண்டி உள்ள போய் பம்ப்புகள் மூழ்கியிருந்துச்சு.

ஜப்பான்காரங்க இதை கவனிக்காம இல்ல, அதான் எனக்கு இன்னும் ஜீரணிக்காதது. கல்பாக்கம் பம்ப் மூழ்கினதையும், அமெரிக்காவுல கெவானி நிலையத்துல கண்டுபிடிச்ச உள்வெள்ளக் குறைபாட்டையும் காரணமா காட்டி, 2006 ஜனவரியில அவங்க அணு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு வெள்ள ஆய்வுக் குழு போட்டுச்சு. அந்த வருஷம் மே மாசம் ஃபுகுஷிமா நிலையத்தை நடத்தற டெப்கோ கம்பெனி அங்க ஒரு கணக்கை வச்சுது. ஃபுகுஷிமா தாயிச்சி அஞ்சாவது யூனிட்டை எடுத்துக்கிட்டு, 10 மீட்டர் சுனாமி வந்தா அவசர கடல்நீர் பம்ப்புகள் போயிடும், 14 மீட்டர் வந்தா கட்டடத்துக்குள்ள தண்ணி போய் மொத்த கரண்ட்டும் போயிடும்னு. இதை அவங்க பார்லிமென்ட் போட்ட விசாரணைக் குழு 2012 அறிக்கையில எழுதியிருக்கு.

ஃபுகுஷிமா இடத்தையும் கொஞ்சம் பாருங்க. முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சது 1971 மார்ச், நாம கல்பாக்கத்துல வேலை தொடங்கின அதே வருஷம். அங்க இயற்கையா இருந்தது 35 மீட்டர் உசர மேடு. அதை வெட்டி 10 மீட்டருக்கு இறக்கினாங்க, கடல்நீர் பம்ப்புகளை 4 மீட்டர்ல வச்சாங்க, 1960 சிலி சுனாமியில பக்கத்துத் துறைமுகத்துல பதிவான 3.1 மீட்டரை வச்சுத்தான் டிசைன். டீசல் ஜெனரேட்டர்ல பெரும்பாலானது டர்பைன் கட்டட அடித்தளத்துல. 2008ல கம்பெனியோட சொந்தக் கணக்குலயே 15.7 மீட்டர் வரைக்கும் ஏறலாம்னு வந்துச்சு, மறுபடி ஆய்வுக்கு அனுப்பினாங்க, அவ்வளவுதான். 2011 மார்ச் 11, மதியம் 2:46க்கு நிலநடுக்கம், வெளிக் கரண்ட் போச்சு, டீசல் ஓடுச்சு, முக்கா மணி நேரம் கழிச்சு அலை வந்து டீசலும் ஸ்விட்ச் போர்டும் மூழ்குச்சு. கல்பாக்கத்துல அன்னிக்கு இருந்த ஒண்ணு அங்க இல்லாம போச்சு, கரண்ட்.

நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்துல இருந்த ஒனகாவா நிலையம் நின்னுச்சு, தரை 14.8 மீட்டர், அலை 13. அதைவிட எனக்குப் பிடிச்சது அங்க கடல் பின்வாங்கினாலும் உள்ள தண்ணி தேங்கி நின்னு நாப்பது நிமிஷம் பம்ப் ஓடற மாதிரி வாய்க்காலை அமைச்சிருந்தது. சுனாமின்னா தண்ணி ஏறறது மட்டுமில்ல, இறங்கறதும் ஆபத்துன்னு கட்டும்போதே யோசிச்சிருக்காங்க.

2022 ஜூன்ல ஜப்பான் உச்ச நீதிமன்றம், அரசு உத்தரவு போட்டு சுவர் கட்டியிருந்தாலும் வந்த அலை கணிச்சதைவிடப் பெரிசு, விபத்து நடந்திருக்கும், அதனால அரசு நஷ்டஈடு தர வேண்டியதில்லன்னு சொல்லிடுச்சு. நாலு நீதிபதில ஒருத்தர் ஒத்துக்கல. நானும் அந்த ஒருத்தர் பக்கம்தான். சுவர் மட்டும்தான் வழியா? கல்பாக்கத்துல தண்ணி சுவரைத் தாண்டி வரல, குழாய் வழியா வந்துச்சு. தண்ணி வந்தா வரட்டும், பம்ப் மோட்டாரும் ஸ்விட்ச் போர்டும் நனையாம எப்படி வைக்கறது, தண்ணி புகாத கதவு போடலாமா, ஒரு டீசலையாவது மேட்டுக்கு ஏத்தலாமா, இதுதான் 2006லயே கேட்டிருக்க வேண்டியது.

அந்த 2006 கணக்குல வந்த அஞ்சாவது யூனிட்டும் 2011ல மொத்த ஏசி கரண்ட்டையும் இழந்துச்சு. ஆனா அதோட எரிபொருள் உருகல. பக்கத்து ஆறாவது யூனிட்ல காத்துல குளிர்ற ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்துச்சு, அதுக்கு கடல் தண்ணியே வேணாம். அது மட்டும் ஓடி, அதுல இருந்து கேபிள் இழுத்து அஞ்சாவதையும் காப்பாத்தி, மார்ச் 20ஆம் தேதி ரெண்டையும் குளிர்ந்த நிலைக்கு கொண்டு வந்தாங்க. ஒரே ஒரு மெஷின்.

அந்தப் பள்ளத்துல இப்ப

ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் நம்ம நிலையங்கள் எல்லாத்துலயும், பம்ப் போனாலும் வெளிய இருந்து தீயணைப்பு வண்டி வச்சு ரியாக்டருக்கு தண்ணி கொடுக்கற இணைப்புகள் போட்டாங்க, காத்துல குளிர்ற டீசல் செட்டுகளும் சேர்த்தாங்க. கூடங்குளத்துல கட்டும்போதே டீசல் கட்டடத்தை கடல் மட்டத்துல இருந்து 9.3 மீட்டர்ல வச்சிருக்காங்க, பம்ப் ஹவுஸ் 7.65ல. எந்த கடலோர ஆலையைப் பத்தி யார் பேசினாலும் நான் முதல்ல தேடறது இப்ப இந்த ரெண்டு நம்பரைத்தான்.

மேப்ஸ் முதல் யூனிட் 2018 ஜனவரியில நின்னது, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஓடல. தண்ணி நிரம்பின அந்தப் பள்ளத்தை இறைச்சு, மறுபடி வேலையை ஆரம்பிச்சு, ரொம்ப தாமதமாகி, 2024 மார்ச்ல வேக ஈனுலையோட மையப் பகுதியை (கோர்) நிரப்பற வேலை தொடங்குச்சு. 500 மெகாவாட். இதுக்கும் கண்டென்சருக்கு கடல்தான், ஆனா நிறுத்தின பிறகு இருக்கற தணல் சூட்டை எடுக்க கடல் தேவையில்ல. உள்ள இருக்கற சோடியத்துல இருந்து சூட்டை வாங்கிட்டு போய் காத்துக்கு விடற நாலு தனித்தனி சுற்று இருக்கு, ஒவ்வொண்ணும் 8 மெகாவாட், மேல உசரமா புகைபோக்கி மாதிரி கட்டியிருக்கு, சூடான காத்து தானா மேல போகும், சோடியமும் தானா சுத்தும், பம்ப் இல்லாமலே. சுனாமியைப் பார்த்து வந்த யோசனை இல்ல இது, முன்னாடியே டிசைன்ல இருந்தது. 2004ல அந்தப் பள்ளத்துல கடல் நிரம்பி நின்னப்ப, அந்த நாலு சுற்றும் பேப்பர்ல வரைஞ்சு தயாரா இருந்துச்சு.